கம்பியில் நாலு தட்டு

அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தது கம்பெனிப் பெண்கள். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் முப்பது பேர் அந்தக் கம்பெனியில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் இவள், ஐம்பத்தொரு வயது. நடந்தால் சத்தமே வராது. தூங்குகிற நோயாளியின் தலைமாட்டுக்கு வருவாள், போர்வையைச் சரிசெய்வாள், போய்விடுவாள். பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்பது அவள் பேரோடு ஒட்டிக்கொண்ட பெருமை. புதிதாகச் சேருகிறவர்களிடம் மேனேஜர் அவளைத்தான் காட்டுவார். "பூனையைப் பார்த்துக் கத்துக்கோங்க. எங்கேருந்து தூக்கிப் போட்டாலும் நாலு காலும் தரையிலதான்."

அது பச்சைப் பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடி வீட்டில், கையில் துணிக்கூடையோடு மூன்று படி சறுக்கி உட்கார்ந்தவள்தான் இந்தப் பூனை. இடது இடுப்பெலும்பில் விரிசல். கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, தங்கச்சி வீட்டில் மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதற்கு மீசை இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை. டாக்டர் மட்டும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அதே இடத்துல இன்னொரு அடி பட்டா, அப்புறம் நீங்க யாரையும் பார்த்துக்க முடியாதும்மா. உங்களை ஒருத்தர் பார்த்துக்கணும்."

முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. விழுந்தவளைக் கம்பெனி மறுபடி படுக்கை நோயாளியிடம் அனுப்பாது. 'தன்னையே தாங்கத் தெரியாதவ அடுத்தவங்களை எப்படித் தாங்குவா' என்பது மேனேஜர் பேசும் நியாயம். பெரிய நியாயவாதி! ஆறடி ஆளைத் தனியாளாகப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரியும் அவருக்கு. நோயாளி விழுந்தால் விபத்து, பார்த்துக்கொள்கிறவள் விழுந்தால் அவள் தப்பு. எந்தத் தாளிலும் எழுதாத இந்தச் சட்டம் அந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம். அதனால் யாரும் விழுவதில்லை. எல்லாருக்கும் காய்ச்சல்தான் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் அவளை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டீச்சருக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கையும் இரண்டு கண்ணும். ஒரு தடவை இமையை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. இடது கை விரலில் ஒரு மோதிரம், விரல் மெலிந்து போய்த் தொளதொளவென்று கிடந்தது. ஒரே மகள். காலையில் எட்டு மணிக்குப் பூனை வந்ததும் வேலைக்குக் கிளம்புவாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து முதல் காரியமாக வீட்டைத் துடைப்பாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரைக்கல், வெள்ளைத் திரை. வெளிச்செருப்பு உள்ளே வரக்கூடாது. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று வாசலில் ஒரு ஜோடி துணிச்செருப்பு இருந்தது.

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க" என்றாள் மகள் முதல் நாள். "கம்பெனி கம்பெனியா மாத்திப் பார்த்துட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி. நல்லா வந்துக்கிட்டே இருப்பாங்க. திடீர்னு ஒரு நாள், 'வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, இனிமே வரலை'ன்னு போன். அவ்வளவுதான். நீங்களாவது நிலைச்சு நிக்கணும்."

"நின்னுடுவேன்மா" என்றாள் பூனை.

எல்லா நோயாளி வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். போகிறவள் வருகிறவளுக்கு எழுதி வைப்பது. எத்தனை வாய் சாப்பிட்டார், முதுகில் எங்கே சிவந்திருக்கிறது, எந்த மாத்திரையைத் துப்பினார், எல்லாம் அதில் இருக்கும். பூனை உட்கார்ந்து இந்த வீட்டு நோட்டைப் புரட்டினாள். நாலு கையெழுத்து. முதலாவது உருண்டை உருண்டையாக. அடுத்தது சாய்ந்து. மூன்றாவது எறும்பு ஊர்ந்த மாதிரி. நாலாவது பச்சை மையில். ஒவ்வொன்றும் சில வாரம் ஓடி, ஒரு நாள் 'எல்லாம் நல்லபடி' என்று முடிந்திருந்தது. மறுபக்கத்தில் வேறு ஆள்.

உருண்டை எழுத்துக்காரி கெட்டிக்காரி. 'முதுகுக்குப் பவுடர் போடும்போது அடியில் விரிக்கிற துணியிலும் நிறையத் தூவிவிடவும். அம்மாவைப் புரட்டுவது லேசாக இருக்கும். பிறகு துணியைக் குளியலறை வாசலில் உதறி வாளியில் போடவும்' என்று எழுதியிருந்தாள். அனுபவம் உள்ளவள் சொல்லும் யோசனை. மற்ற மூவரும் அதையே செய்ததாக எழுதியிருந்தார்கள். பூனையும் அதையே செய்தாள்.

இன்னொரு வரி, உருண்டை எழுத்தைத் தவிர மற்ற மூன்று கையெழுத்திலும் இருந்தது. 'பத்தரை மணிக்குக் கம்பியில் தட்டுவார். பழக்கம். கண்டுகொள்ள வேண்டாம்.'

சொன்னபடியே தட்டினார். பத்தரைக்குத் துணி மாற்றி முடிந்ததும் டீச்சரின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மோதிரம் கட்டில் கம்பியில் மோதியது. டங். டங். டங். டங். நாலு. கொஞ்சம் இடைவெளி. பிறகு பூனையை ஒரு பார்வை. மறுபடி நாலு.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" இரண்டு இமை. "வலிக்குதா?" இரண்டு இமை. "அப்போ வகுப்பு நடத்துறீங்களா? நான் கணக்குல முட்டைம்மா, என்னை விட்டுடுங்க." டீச்சர் சிரிக்கவில்லை.

முதல் வாரம் இதைப் பூனை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம்தான் டீச்சரின் கண்ணைக் கவனித்தாள். காலையிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், பத்தரை மணி ஆனதும் மெல்ல இறங்கும். அறையைக் கடந்து, குளியலறை வாசலில் தரைக்குப் போய் நிற்கும். நிற்கிற ஆளைப் பார்க்கிற பார்வை வேறு, கிடக்கிற ஆளைப் பார்க்கிற பார்வை வேறு. பதினேழு வருஷமாகக் கிடக்கிறவர்களைப் பார்த்தே பிழைத்தவளுக்கு அது தெரியாதா? அந்தத் தரையில் யாரோ கிடக்கிற மாதிரிதான் டீச்சர் பார்த்தார்.

பூனை திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் தரை. ஈரம் இல்லை, அழுக்கு இல்லை, ஒரு தலைமுடிகூட இல்லை. மறுநாள் வந்ததும் வராததுமாகக் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி சுத்தம். பத்தரைக்கு மறுபடி டங், டங், டங், டங்.

புதன்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீச்சரின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள்.

"அந்த வாசல்ல ஏதாவது இருக்காம்மா?"

ஒரு இமை. ஆமாம்.

"ஆளா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். ஒரு இமை.

பூனை முக்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "பொம்பளையா?"

ஒரு இமை.

"எத்தனை பேர்?"

கை மேலே வந்தது. டங். டங். டங். டங். பிறகு அந்தக் கை கம்பியை விட்டு விலகி, ஒரு விரலைப் பூனையின் நெஞ்சுக்கு நேராக நீட்டியது.

எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. மிச்சப் பகல் முழுக்க அந்த வாசலுக்கு முதுகைக் காட்டாமல் வேலை செய்தாள். நாலு பெண்கள் வந்தார்கள், நாலு பெண்கள் போனார்கள். போனார்களா? மகள் சொன்னதுதானே? போனில் குரலைத்தானே கேட்டிருக்கிறாள்? இப்படியெல்லாம் அவள் புத்தி போயிற்று. சுத்தமான வீட்டில் தனியாக இருந்தால் புத்தி கண்டபடி மேயத்தான் செய்யும்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து தங்கச்சிக்குப் போன் போட்டாள். தங்கச்சி வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டதால், அக்காளின் பேரைச் சொல்லித்தான் இந்தக் கம்பெனியில் போன மாதம் சேர்ந்திருந்தாள். அக்காளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. இதுவரை ஞாயிறுகளில் மகளே பார்த்துக்கொண்டாள், வருகிற ஞாயிறு முதல் அந்த ஒரு நாள் மட்டும் அக்காள் இடத்தில் தங்கச்சி போகவேண்டும். அவளுடைய முதல் படுக்கை நோயாளி.

கேட்டுவிட்டுத் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"அங்க இருட்டே கிடையாதுடி. எல்லாம் வெள்ளை. அதுதான் பயமா இருக்கு."

"சரி, பேய் இருந்தா அதுக்கும் சேர்த்துத் துணி துவைச்சுப் போட்டுட்டு வரேன். நீ கவலைப்படாதே."

வியாழக்கிழமை பூனை ஒரு முடிவோடு வந்தாள். பத்தரை மணி வேலையைச் சட்டுப்புட்டென்று முடிக்கவேண்டும். அந்த வாசலைப் பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமாகத் தாண்டவேண்டும். பவுடர் தூவினாள், டீச்சரைப் புரட்டினாள், முதுகைத் துடைத்தாள், துணியை உருவினாள். வாசலில் போய் என்றைக்கும் இல்லாத வேகத்தில் படபடவென்று உதறி வாளியில் எறிந்தாள். பாத்திரத்தில் வெந்நீர் பிடித்தாள். பின்னால் டங், டங் என்று ஆரம்பித்தது. இன்றைக்கு நாலோடு நிற்கவில்லை. டீச்சர் கம்பியைப் போட்டு அடித்தார். தொண்டையிலிருந்து ம்ம், ம்ம் என்று ஒரு சத்தம். பூனை கண்ணை இறுக்கிக்கொண்டு காலை எட்டி வைத்தாள்.

யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அவள் பிற்பாடு எத்தனை தடவை சொன்னபோதும் அப்படித்தான் சொன்னாள். வழுக்கியது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெந்நீர் முதலில் போயிற்று, பிறகு பாத்திரம், பிறகு இடது இடுப்பு.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது ஆறுதல் சொல்ல நல்ல பழமொழி. கீழே கிடக்கிறவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வலி வந்து, போய், மறுபடி வந்தது. கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. 'முடிஞ்சுது, இனிமே என்னைத்தான் ஒருத்தர் பார்த்துக்கணும்' என்று நினைத்து அழுதாள். அழுதுகொண்டே கண்ணைத் திறந்தபோதுதான் தரையைப் பார்த்தாள்.

ஜன்னல் வெளிச்சம் தரையோடு தரையாகப் படர்ந்து வந்தது. அந்த வெளிச்சத்தில் வாசல் முழுக்க, தண்ணீர் படாத இடமெல்லாம், மெல்லிய பவுடர் படலம் பூத்திருந்தது. அதன்மேல் அவளுடைய செருப்புத் தடம் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. கடைசித் தடம் மட்டும் ஒரு முழம் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. நின்று பார்த்தால் வெள்ளையில் வெள்ளை, ஒன்றும் தெரியாது. படுத்துக் கிடக்கிற கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். காலையில் இருக்காது, சாயங்காலம் மகள் துடைத்துவிடுவாள். பத்தரையிலிருந்து ஆறு வரை அது அங்கே இருக்கும். துணியை உதறி உதறி அதை அங்கே பரப்பியது வேறு யாரும் இல்லை, வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும்தான்.

கம்பி இடுக்கு வழியாக டீச்சரின் இடது கை கீழே தொங்கியது. எட்டுகிற மட்டும் நீட்டியிருந்தார். பூனை முழங்கையை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து, கட்டில் ஓரம் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் புறங்கையில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கொஞ்சம் நின்றது. பிறகு இன்னொன்று.

"அஞ்சா?" என்றாள் பூனை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "நாலு பேரும் இங்கதான் விழுந்தாங்களா? நீங்க பார்த்துக்கிட்டே கிடந்தீங்களா?"

கட்டிலின் மேலே டீச்சரின் முகம் கம்பியோரம் சாய்ந்திருந்தது. இமை ஒரு தடவை மூடியது. திறக்க நேரமாயிற்று.

கட்டில் காலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, எப்படியோ எழுந்து நின்றாள். நிற்க முடிந்தது, அது அவள் செய்த புண்ணியம். மகளுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா, எனக்குக் காய்ச்சல்" என்றாள். பாருங்கள், வாய் தானாகச் சொன்னது. பிறகு நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். 'எல்லாம் நல்லபடி' என்று எழுதினாள். கையும் தானாகத்தான் எழுதியது.

எழுதிவிட்டுப் பார்த்தாள். உருண்டை எழுத்து, சாய்ந்த எழுத்து, எறும்பு எழுத்து, பச்சை மை, அதற்குக் கீழே அவள் எழுத்து. ஐந்தாவதாகப் போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வருவாள், இந்த நோட்டைத் திறப்பாள், பவுடர் தூவச் சொன்ன வரியைப் படிப்பாள், கண்டுகொள்ள வேண்டாம் என்பதையும் படிப்பாள். அக்காள் எழுதியிருக்கிறாள், எல்லாம் நல்லபடி. டீச்சர் அஞ்சு தட்டுவார். தட்டிவிட்டுத் தங்கச்சிக்கு நேராக விரலை நீட்டுவார்.

பூனை பேனாவை மறுபடி எடுத்தாள். எழுதியதை அடித்தாள். பதினேழு வருஷத்துப் பெருமையோடு சேர்த்து அடித்தாள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள். 'இன்று பத்தே முக்காலுக்குக் குளியலறை வாசலில் நான் விழுந்தேன். எனக்கு முன் நாலு பேர் இதே இடத்தில் விழுந்திருக்கிறார்கள். காரணம் நாம் உதறுகிற பவுடர். உதறாதே. அம்மா தட்டினால் கண்டுகொள். நம்மை எச்சரிக்கத்தான் தட்டுகிறார்.' முடித்துவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள். 'இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் ஒரு மாடிப்படியில் விழுந்தேன். அது காய்ச்சல் இல்லை.'

நோட்டின் அட்டையில் பச்சை மையில் ஒரு போன் நம்பர் இருந்தது. மகள் வருவதற்குள் அதையும் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். பூனை தன் பேரைக்கூடச் சொல்லவில்லை.

"டீச்சர் வீட்லேருந்து பேசறேன். உனக்கு எந்த இடம்?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வலது மணிக்கட்டு" என்றது குரல். "இன்னும் சேரலை. உங்களுக்கு?"

"இடுப்பு."

"நோட்டுல என்ன எழுதினீங்க?"

"விழுந்தேன்னு எழுதினேன்."

"ஐயோ, உங்க வேலை போயிடுமேக்கா" என்று அவள் விசும்பினாள். "நானும் எழுதியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்களே..."

"எனக்கு முன்னாடி நீ விழுந்தியே, உனக்கு யார் எழுதினா? அழாதே, விடு."

வேலை போனது உண்மை. பழைய விரிசலுக்குப் பக்கத்தில் புது விரிசல் என்றது படம். இரண்டு மாதம் படுக்கை, அப்புறம் தடியோடு நடக்கலாம் என்றார் டாக்டர். மேனேஜர், யாருக்கு எந்த வீடு என்று எழுதும் பலகையிலிருந்து அவள் பேரை எடுத்தார். எடுக்கும்போது, "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பூனை, தங்கச்சி வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பழகிய சுவர்தான். போனை நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். பத்தே முக்கால். பத்து ஐம்பது. அது அடிக்கவில்லை. அவள் கும்பிடாத தெய்வம் இல்லை. பதினொன்றுக்கு அடித்தது.

"அக்கா, நீ எழுதினபடியே துணியை உதறலை. சுருட்டி அப்படியே வாளியில போட்டேன். தரையை ரெண்டு தடவை துடைச்சேன். கன்னத்தை வச்சுப் படுத்தும் பார்த்துட்டேன்."

"நீ நல்லா இருக்கியா? அதைச் சொல்லு முதல்ல."

"கல்லு மாதிரி நிக்கிறேன்க்கா."

"தட்டினாங்களா?"

"பத்தரைக்குக் கையை வெளிய எடுத்தாங்க. கம்பி மேல வச்சுக்கிட்டு அந்த வாசலையே பார்த்தாங்க. நான் தண்ணிப் பாத்திரத்தோட நடந்து அந்தப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், அவங்க பக்கத்துல நின்னேன். தட்டவே இல்லை. கையை எடுத்துப் போர்வைக்குள்ள விட்டுக்கிட்டாங்க." தங்கச்சியின் குரல் இறங்கியது. "ஆனா அப்பலேருந்து அழறாங்கக்கா. கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது. நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

பூனை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒரு தப்பும் பண்ணலை. கண்ணைத் துடைச்சு விடு. ஏன் அழறாங்கன்னு எனக்குத் தெரியும், வந்ததும் சொல்றேன்" என்றாள். "இதையும் நோட்டுல எழுதிட்டு வா."